சம்பளச் சீட்டில் ஒரு வரி



1968 பிப்ரவரி 1, வியாழக்கிழமை. அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் நல்ல மழை. குப்பை வண்டி ஒன்று அன்றைய வேலையை முடித்துக்கொண்டு கிடங்குக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. முன்பக்கத்தில் ஓட்டுநரோடு நெருக்கியடித்து உட்கார்ந்தாலும் எல்லோருக்கும் இடம் போதாது. எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இருவர் வண்டியின் பின்புறத்தில், குப்பை கொட்டும் வாய்க்குள்ளேயே ஏறி ஒதுங்கினார்கள். குப்பையை நசுக்கி உள்ளே தள்ளும் இயந்திரம் யாரும் தொடாமலே ஓடத் தொடங்கியது. ஓட்டுநர் நிறுத்தப் பார்த்தார், முடியவில்லை. இருவரும் அங்கேயே இறந்தார்கள்.

வழியெல்லாம் வீடுகள் இருந்தன. ஆனால் மழைக்காக வெள்ளையர் குடியிருப்புகளில் வண்டியை நிறுத்தி ஒதுங்கக் கூடாது என்பது குப்பைத் தொழிலாளர்களுக்கு விதிக்கப்பட்டிருந்த கட்டுப்பாடு. அவர்கள் கறுப்பர்கள். வீட்டு முகப்பில் கறுப்பர்கள் கூட்டமாக நிற்பது வீட்டுக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை.

இறந்த இருவரும் நகராட்சியின் கணக்கில் மணிக்கூலிக்காரர்கள். நிரந்தர ஊழியருக்குரிய விபத்துக் காப்பு அவர்களுக்குக் கிடையாது. குடும்பத்துக்கு ஒரு மாதச் சம்பளமும், அடக்கச் செலவுக்கு 500 டாலரும் கொடுத்து நகராட்சி விஷயத்தை முடித்துக்கொண்டது. முடிந்துவிட்டதாகத்தான் நினைத்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்கக் கொந்தளிப்பைப் பற்றிப் பேச வருகிறவர்கள் வழக்கமாகப் பெரிய படங்களில் தொடங்குவார்கள். 1963இல் வாஷிங்டன் லிங்கன் நினைவகத்தின் முன் திரண்ட இரண்டரை லட்சம் பேர், பர்மிங்ஹாமில் சிறுவர்கள் மீது பாய்ச்சப்பட்ட தண்ணீர், வியட்நாம் போருக்கு எதிராகக் கொதித்த பல்கலைக்கழகங்கள். அந்தப் படங்கள் எல்லாம் உண்மைதான். ஆனால் அவற்றை மட்டும் பார்ப்பவருக்கு, ஒரு நாடு மேடைப் பேச்சுகளால் குலுங்கியது என்ற எண்ணம் வந்துவிடும். இன்றைய உரை எடுத்துக்கொள்வது மிகச் சின்ன விஷயம் ஒன்றை: சம்பளச் சீட்டில் 'சங்கச் சந்தா' என்று ஒரு வரி அச்சாகலாமா, கூடாதா என்ற தகராறு. அந்த ஒரு வரிக்காக மெம்ஃபிஸ் நகரம் 65 நாள் நாறியது. அதே தகராறுக்குத் துணை நிற்க வந்த இடத்தில்தான் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டார்.

மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கும் மெம்ஃபிஸ், பஞ்சு வியாபாரத்தில் வளர்ந்த ஊர். 1968இல் ஐந்து லட்சத்துக்கு மேல் மக்கள். பத்தில் நான்கு பேர் கறுப்பர். போருக்குப் பிறகு பருத்தி பறிக்கும் இயந்திரங்கள் வயல்களில் இறங்கின. வாரத்துக்குப் பயிரிட்டுக் கடனிலேயே காலம் தள்ளிய கறுப்பினக் குடும்பங்கள் டென்னசி, மிசிசிப்பி கிராமங்களை விட்டு நகரத்துக்கு வந்தன. படிப்பு அதிகம் இல்லாத ஆண்களுக்கு அங்கே காத்திருந்த வேலைகளில் ஒன்று குப்பை.

அந்த வேலை எப்படிப்பட்டது? வீட்டுக்காரர் குப்பைத் தொட்டியைத் தெருவில் கொண்டுவந்து வைக்க மாட்டார். தொழிலாளி கொல்லைப்புறம் போய், அங்கே கிடப்பதை ஒரு பெரிய தொட்டியில் கொட்டி, தலையிலோ தோளிலோ சுமந்து வண்டிக்கு வர வேண்டும். தொட்டியின் அடி ஓட்டையாக இருக்கும். அழுகல் நீர் தலையிலிருந்து சட்டைக்குள் இறங்கும். வீடு திரும்பினால் உடுப்பைக் கழற்றி வெளியே போட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைய முடியும் என்று அந்தத் தலைமுறையினர் பிற்காலத்தில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள். மேற்பார்வையாளர்கள் வெள்ளையர். ஐம்பது வயதுக்காரரையும் அவர்கள் 'பாய்' என்றுதான் கூப்பிட்டார்கள். நம் ஊரில் 'டேய் பையா' என்பதற்குச் சமமான சொல். அந்தச் சொல் பின்னால் இந்தக் கதையில் மீண்டும் வரும்.

கூலி மணிக்கு ஏறத்தாழ 1 டாலர் 60 சென்டிலிருந்து 1 டாலர் 80 சென்ட் வரை. அந்த ஆண்டு மத்திய அரசு வைத்திருந்த குறைந்தபட்சக் கூலியே 1 டாலர் 60 சென்ட். முழுநேரம் உழைத்தும் இந்தத் தொழிலாளர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் அரசின் ஏழைகள் உதவித்தொகை பெறத் தகுதியான வறுமையில் இருந்தார்கள். மழை பெய்தால் கூலி இல்லை. விபத்துக்கு ஓரிரு நாள் முன்புதான் சாக்கடைப் பிரிவில் இருபதுக்கும் மேற்பட்ட கறுப்பினத் தொழிலாளர்கள் மழையைக் காரணம் காட்டி வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். வெள்ளையர்கள் இருந்தார்கள், நாள் முழுச் சம்பளமும் வாங்கினார்கள்.

சங்கம் வைத்துக் கேட்டிருக்கலாமே என்று தோன்றும். இங்கேதான் சட்டம் குறுக்கே வருகிறது. அமெரிக்கத் தொழிலாளர்களுக்குச் சங்க உரிமையை உறுதிசெய்த சட்டம் 1935இல் ரூஸ்வெல்ட் காலத்தில் வந்தது. கார் ஆலைக்கும் எஃகு ஆலைக்கும் அது பொற்காலத்தைத் திறந்துவிட்டது. ஆனால் விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலைக்காரர்களையும் அரசு, நகராட்சி ஊழியர்களையும் அந்தச் சட்டம் வெளியே நிறுத்தியது. தெற்கு மாநிலங்களில் கறுப்பின மக்கள் பார்த்த வேலைகள் பெரும்பாலும் எவை என்று கேட்டால், இதே பட்டியலைத்தான் திரும்பப் படிக்க வேண்டியிருக்கும். அரசு ஊழியர்களுக்குக் கூட்டுப்பேர உரிமை தந்த முதல் மாநிலம் விஸ்கான்சின், அதுவும் 1959இல்தான். 1962இல் கென்னடி ஓர் ஆணையால் மத்திய அரசு ஊழியர்களுக்குக் கதவைக் கொஞ்சம் திறந்தார். டென்னசியில் கதவும் இல்லை, ஜன்னலும் இல்லை.

டி.ஓ. ஜோன்ஸ் என்ற குப்பைத் தொழிலாளி 1963இல் சங்கம் கட்டப் பார்த்தார். அவரோடு சேர்த்து 33 பேர் வேலையிழந்தார்கள். மனிதர் விடவில்லை. மாநில, மாவட்ட, நகராட்சி ஊழியர்களின் தேசியக் கூட்டமைப்பு ஒன்று உண்டு. ஊழியர்கள் அதை 'ஆஃப்ஸ்மி' என்று சுருக்கிச் சொல்வார்கள். மெம்ஃபிஸ் கிளையை அதில் பதிவு செய்தபோது, கிளைக்கு வைத்த எண் 1733. கடைசி இரண்டு இலக்கங்கள் வேலையிழந்த அந்த 33 பேரின் நினைவு. 1966இல் ஒரு வேலைநிறுத்தத்துக்கு நாள் குறித்தார்கள். நீதிமன்றத் தடையாணை வந்தது, போராட்டம் தொடங்கும் முன்பே படுத்துவிட்டது.

1968 பிப்ரவரி 12, ஆபிரகாம் லிங்கன் பிறந்தநாள். அன்று காலை சுமார் 1,300 பேர் வேலைக்கு வரவில்லை. தலைமையிடம் அனுமதி கேட்டு எடுத்த முடிவு இல்லை இது. தேசியக் கூட்டமைப்பின் அதிகாரிகள் செய்தி கேட்டுத் திகைத்தார்கள். பிப்ரவரியில் குப்பை வேலைநிறுத்தம் செய்கிற முட்டாள் யாராவது உண்டா? குளிரில் குப்பை சீக்கிரம் நாறாதே! கோடையில் செய்திருந்தால் ஒரே வாரத்தில் நகரம் மண்டியிட்டிருக்கும். தொழிற்சங்கக் கணக்குப்படி அந்த விமர்சனம் சரி. செத்துப்போன இரண்டு பேர் கோடை வரை காத்திருக்கச் சொல்லவில்லை என்பதுதான் பதில்.

இதற்கு இரண்டே நாள் முன்பு, பிப்ரவரி 10 அன்று, நியூயார்க்கில் ஒன்பது நாள் குப்பை வேலைநிறுத்தம் முடிந்திருந்தது. அங்கே தொழிலாளர்களுக்கு அங்கீகரிக்கப்பட்ட பலமான சங்கம் இருந்தது. மேயரும் ஆளுநரும் அவர்கள் விஷயத்தில் ஒருவரோடொருவர் சண்டை போட்டுக்கொண்டார்கள். மெம்ஃபிஸ் மேயருக்கு அந்தச் செய்தி எச்சரிக்கையாகப் பட்டது. இது நியூயார்க் இல்லை, இங்கே யாரும் சட்டத்தை மீற முடியாது என்று தொழிலாளர்களின் முகத்துக்கு நேரே சொன்னார்.

அந்த மேயர் ஹென்றி லோப் சுவாரசியமான ஆள். ஆறடிக்கு மேல் உயரம், சலவைத் தொழில் நடத்திய பணக்காரக் குடும்பம். 1950களில் பொதுப்பணித் துறை ஆணையராக இருந்து இதே குப்பைத் துறையை நிர்வகித்தவர். கறுப்பர் வாக்கு ஏறக்குறைய இல்லாமலேயே ஜெயித்து, 1968 ஜனவரி 1 அன்று பதவியேற்றார். அவரை வெறும் வில்லனாக வரைவது எளிது. ஆனால் அவர் தம்மை நல்ல எசமானாகவே நினைத்தார். அலுவலகக் கதவு யாருக்கும் திறந்திருக்கும். குப்பைத் தொழிலாளி ஒருவர் தனியாக வந்து குறை சொன்னால் கேட்டு ஏதாவது செய்யவும் கூடும். கூலியில் கொஞ்சம் கூட்டித் தரக்கூட அவர் தயங்கவில்லை. அவர் மறுத்தது இரண்டே விஷயங்களை: சங்கத்துக்கு எழுத்துப்பூர்வ அங்கீகாரம், சம்பளத்தில் சந்தா பிடித்தம்.

இந்த அவையில் வங்கியிலோ போக்குவரத்துக் கழகத்திலோ மின்வாரியத்திலோ வேலை பார்த்தவர்கள் இருந்தால், 'செக்-ஆஃப்' என்ற சொல்லை அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: உறுப்பினர் எழுதிக் கொடுத்தால், நிர்வாகமே மாதாமாதம் சம்பளத்தில் சந்தாவைப் பிடித்துச் சங்கக் கணக்கில் சேர்த்துவிடும். இது இல்லாவிட்டால் சம்பள நாளன்று வாசலில் நின்று ரசீதுப் புத்தகத்தோடு கைவசூல் செய்ய வேண்டும். வசூலிக்கிறவர் யார், கொடுக்கிறவர் யார் என்பதை மேற்பார்வையாளர் பார்த்துக்கொண்டே இருப்பார். பத்து பேரை வேலையைவிட்டு அனுப்பினால் வசூல் படுத்துவிடும், சங்கமும் படுத்துவிடும். மெம்ஃபிஸில் அதுதான் நடந்து வந்தது.

லோப் இதைச் சரியாகவே புரிந்துகொண்டார். தனித்தனி மனிதர்களுக்குத் தயவு காட்டுவதும், அவர்கள் கூட்டாக அனுப்பும் பிரதிநிதிக்கு எதிரே மேசை போட்டு உட்காருவதும் ஒன்றில்லை. சம்பளச் சீட்டில் அந்த வரி ஏறிவிட்டால், 'என் ஆட்கள்' என்று அவர் சொல்லிவந்தவர்கள் ஒப்பந்தத்தின் மறுதரப்பு ஆகிவிடுவார்கள். தொழிலாளர்களும் அதையே புரிந்துகொண்டார்கள். ஆகவேதான் இரண்டு தரப்பும் சென்ட் கணக்கில் விட்டுக்கொடுத்த இடத்தில், இந்த வரியில் மட்டும் அசையவில்லை.

பிப்ரவரி 22 அன்று நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் நகர்மன்றக் கூடத்துக்குள் நுழைந்து உட்கார்ந்துவிட்டார்கள். 13 உறுப்பினர் மன்றத்தில் கறுப்பர்கள் மூன்று பேர். அவர்களில் ஒருவரான ஃப்ரெட் டேவிஸ் தலைமையிலான குழுவுக்கு முன்னால்தான் இந்த முற்றுகை. மன்றத்தின் மேசையிலேயே ரொட்டியும் இறைச்சியும் வைத்துச் சாண்ட்விச் செய்து பரிமாறினார்கள். மாலையில் குழு வழிக்கு வந்தது: அங்கீகாரமும் பிடித்தமும் தரலாம் என்று பரிந்துரைப்போம். மறுநாள் முழு மன்றமும் கூடியது. முந்தைய நாள் பரிந்துரையைக் கைவிட்டு, எல்லாம் மேயரின் அதிகாரம் என்று ஒரு மாற்றுத் தீர்மானத்தை நிறைவேற்றி, ஒலிபெருக்கியை அணைத்து, எழுந்து போய்விட்டார்கள்.

கொதித்த கூட்டம் பிரதான வீதியில் ஊர்வலமாகக் கிளம்பியது. போலீஸ் கார்கள் ஊர்வலத்தை உரசிக்கொண்டே வந்தன. ஒரு பெண்ணின் காலில் சக்கரம் ஏறியது. ஊர்வலத்தினர் அந்தக் காரைப் பிடித்து ஆட்டினார்கள். அடுத்த நிமிடம் போலீசார் கண்ணெரிக்கும் மேஸ் மருந்தைக் கண்ணில் பட்டவர் முகத்திலெல்லாம் அடித்தார்கள். கோட்டும் டையும் போட்ட பாதிரியார்களும் தப்பவில்லை. அதுவரை இது குப்பைக்காரர்கள் விவகாரம் என்று சற்று ஒதுங்கி நின்ற கறுப்பின நடுத்தர வர்க்கம் அன்று மாலை தெருவுக்கு இறங்கியது. நகர நிர்வாகம் ஒரு குப்பி மருந்தில் செய்த உதவியைத் தொழிற்சங்கத்தால் பத்து ஆண்டுப் பிரசாரத்திலும் செய்திருக்க முடியாது.

பாதிரியார்கள் அமைத்த போராட்டக் குழுவுக்குத் தலைவரானவர் ஜேம்ஸ் லாசன். இங்கே இந்தியாவுக்கு ஓர் உண்மையான தொடர்பு இருக்கிறது. கொரியப் போர்க் காலத்தில் ராணுவச் சேவைக்கு மறுத்துச் சிறை சென்றவர் லாசன். விடுதலையானபின் 1953இல் நாக்பூருக்கு வந்து ஹிஸ்லாப் கல்லூரியில் சுமார் மூன்றாண்டுகள் பணியாற்றினார். காந்தியின் முறைகளைப் படிப்பதும் அவர் வந்த நோக்கங்களில் ஒன்று. மான்ட்கமரி நகரில் கறுப்பின மக்கள் பேருந்துகளைப் புறக்கணிக்கிறார்கள், கிங் என்ற இளம் பாதிரியார் தலைமை தாங்குகிறார் என்ற செய்தியை அவர் நாக்பூர்ப் பத்திரிகையில்தான் படித்தார். 1957இல் கிங்கைச் சந்தித்தார். உடனே தெற்கே வாருங்கள் என்று கிங் அழைத்தார். நாஷ்வில் மாணவர்களுக்கு அடி வாங்கியும் திருப்பி அடிக்காமல் இருக்கப் பயிற்சி கொடுத்து, அதற்காக 1960இல் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டவர் அவர். மெம்ஃபிஸில் அப்போது அவர் ஒரு மெதடிஸ்ட் தேவாலயத்தின் போதகர்.

லாசனின் குழு கடைத்தெருவைப் புறக்கணிக்கச் சொன்னது. மேயரின் குடும்பப் பெயர் தாங்கிய சலவைக் கடைகளையும் புறக்கணிக்கச் சொன்னது. நகரத்தின் இரண்டு நாளிதழ்களையும் வாங்காதீர்கள் என்றது. அந்த இரண்டில் பெரியது 'கமர்ஷியல் அப்பீல்'. அது கூ க்ளக்ஸ் க்ளானை எதிர்த்து எழுதி 1923இல் புலிட்சர் பரிசு வாங்கிய பத்திரிகை. 1968இலும் அது ஒரு கறுப்பினக் கிழவனைக் கோமாளியாக வரைந்து, கொச்சை மொழியில் தத்துவம் பேசவைக்கும் 'ஹாம்போன்' கேலிச்சித்திரத்தைத் தவறாமல் போட்டுக்கொண்டிருந்தது. நாற்பத்தைந்து ஆண்டுக்கு முந்தைய பரிசு நேர்மையானதுதான். கேலிச்சித்திரமும் நேர்மையானதே, அந்த வீட்டில் காலைக் காப்பியோடு எதைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பதை அது மறைக்கவில்லை.

மார்ச் மாதத்தில் அட்டைகள் வந்தன. வெள்ளை அட்டையில் கறுப்பு எழுத்தில் நான்கே சொற்கள்: 'ஐ ஆம் எ மேன்'. தமிழில் இதை 'நான் ஒரு மனிதன்' என்று மொழிபெயர்த்துவிடுகிறோம். பாதி போய்விடுகிறது. 'பாய்' என்று கூப்பிடுகிறவனுக்குப் பதிலாக எழுதியது 'மேன்'. பையன் இல்லை, வளர்ந்த ஆண்பிள்ளை, குடும்பத்தைத் தாங்குகிறவன் என்ற பொருளும் அதற்குள் இருக்கிறது. இன்னொன்று, அட்டையில் 'ஆம்' என்ற இரண்டாம் சொல்லுக்கு அடியில் கோடு போட்டிருந்தார்கள். அந்தச் சொல்லுக்குத் தமிழில் இடமே கிடையாது. நாம் அந்தக் கோட்டை வேறு விதமாகத்தான் போட முடியும்: 'நான் மனுஷன்தான்யா' என்று. அந்தத் 'தான்' தான் கோடு. கூலி உயர்வு பற்றி அட்டையில் ஒரு சொல்கூட இல்லை. கணக்குக் கேட்க வந்தவர்கள் கணக்கின் தலைப்பை மட்டும் எழுதிவந்தார்கள்.

மார்ச் 28 அன்று க்ளேபார்ன் ஆலயத்தின் வெளியே இந்த அட்டைகளோடு தோளோடு தோள் நிற்கும் வரிசையைப் படம் எடுத்தவர் எர்னஸ்ட் விதர்ஸ். பள்ளிப் பாடப்புத்தகங்கள் வரை போன படம் அது. போராட்டத் தலைவர்களுக்கெல்லாம் வேண்டியவரான இந்தக் கறுப்பினப் புகைப்படக்காரர், மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.க்குப் பணம் வாங்கித் தகவல் கொடுத்து வந்தார் என்பது அவர் இறந்து மூன்றாண்டுகள் கழித்து, 2010இல் வெளியானது. வெளியிட்டதும் அதே 'கமர்ஷியல் அப்பீல்'தான். இப்போது அந்தப் படத்தை எப்படிப் பார்ப்பது? படம் பொய்யாகிவிடவில்லை. எடுத்தவர் மட்டும் இரண்டு இடத்துக்குப் பிரதி அனுப்பிக்கொண்டிருந்தார்.

கிங் ஏன் இந்த ஊருக்கு வந்தார் என்று அவருடைய சகாக்களே அப்போது சலித்துக்கொண்டார்கள். எல்லா நிறத்து ஏழைகளையும் வாஷிங்டனுக்குத் திரட்டிப் போகும் பெரிய திட்டத்தில் அவர்கள் மூழ்கியிருந்தார்கள். நடுவில் ஒரு நகராட்சிக் குப்பைத் தகராறு தேவையா? கிங்குக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தது. 1959இல் அவர் ஒரு மாதம் இந்தியாவில் சுற்றியவர். திருவனந்தபுரத்தில், தீண்டாமைக்கு ஆளான சமூகங்களின் பிள்ளைகள் படித்த ஒரு பள்ளியில், தலைமையாசிரியர் அவரை 'அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற தீண்டத்தகாதவர்' என்று அறிமுகப்படுத்தினாராம். முதலில் சுருக்கென்று இருந்தது, பிறகு யோசித்துப் பார்த்து, ஆமாம், நான் அப்படித்தான் என்று ஒப்புக்கொண்டேன் என 1965இல் ஒரு தேவாலயப் பிரசங்கத்தில் கிங்கே சொல்லியிருக்கிறார். குப்பைத் தொழிலாளியின் மாலைப்பொழுதை அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மார்ச் 18 அன்று மேசன் ஆலயத்தில் பேசினார். பதினைந்தாயிரத்துக்குக் குறையாத கூட்டம். கடையில் வெள்ளையரோடு சமமாக உட்கார்ந்து சாப்பிடும் உரிமையை வாங்கிவிட்டோம், சாப்பாட்டுக்குக் கொடுக்கக் கையில் காசு இல்லாவிட்டால் அந்த உரிமையால் என்ன பயன் என்ற பொருளில் கேட்டார். 1964இன் குடிமை உரிமைகள் சட்டத்தையும் 1965இன் வாக்குரிமைச் சட்டத்தையும் ஈட்டித் தந்தவர்களில் முதன்மையானவர் கேட்ட கேள்வி இது. கடைசியில், ஒருநாள் ஊரே வேலைக்குப் போகாமல் நிற்கட்டும் என்று அறைகூவல் விடுத்தார்.

நாள் மார்ச் 22 என்று குறித்தார்கள். அன்று மெம்ஃபிஸில் 16 அங்குலப் பனி கொட்டியது. தெற்கத்தி ஊர், அதுவும் வசந்தம் பிறந்த பிறகு! ஊர் முழுக்கத் தானாகவே நின்றுபோனது. ஊர்வலம் மட்டும் நடக்கவில்லை.

ஒத்திவைத்து 28ஆம் தேதி நடந்த ஊர்வலம் கெட்டுப்போனது. பின்வரிசையில் சில இளைஞர்கள் அட்டை கட்டிய குச்சிகளை உருவிக் கடைக் கண்ணாடிகளை உடைத்தார்கள். போலீஸ் தடியும் கண்ணீர்ப்புகையுமாக எல்லோர் மீதும் பாய்ந்தது. லாரி பேய்ன் என்ற 16 வயதுச் சிறுவன் போலீஸ் குண்டுக்கு இறந்தான். சுமார் 4,000 தேசியக் காவல் படையினர் நகரத்துக்குள் வந்தார்கள். மறுநாள் காலையில் தொழிலாளர்கள் அதே அட்டைகளை மாட்டிக்கொண்டு, கவச வண்டிகள் ஒருபுறம், துப்பாக்கிமுனைக் கத்திகள் மறுபுறம் என நடுவில் ஒற்றை வரிசையில் நடந்து போனார்கள். இந்தப் போராட்டத்தின் மிகத் துணிச்சலான செயல் எது என்று கேட்டால், அந்த இரண்டாம் நாள் நடையைத்தான் சொல்ல வேண்டும்.

தலைமை தாங்கிய ஊர்வலத்தில் வன்முறை நடந்துவிட்டது என்ற பழி கிங்கை அரித்தது. அமைதியாக ஒன்றை நடத்திக் காட்டாமல் வாஷிங்டனுக்குப் போக முடியாது என்று ஏப்ரல் 3 அன்று திரும்பி வந்தார். வெடிகுண்டு மிரட்டலால் விமானம் தாமதமானது. அன்றிரவு புயல் மழை. கூட்டம் குறைவாக இருக்கும் என்று விடுதியிலேயே தங்கிவிட்டவரை, வந்திருப்பவர்கள் உங்களுக்காகத்தான் காத்திருக்கிறார்கள் என்று நண்பர் அபர்நாதி தொலைபேசியில் அழைத்தார். அங்கே அவர் பேசியதுதான் மலையுச்சிப் பேச்சு என்று உலகம் அறிந்த கடைசிப் பேச்சு. அதன் முடிவை எல்லோரும் அறிவார்கள். நடுப்பகுதியில் அவர் எந்தெந்த நிறுவனத்தின் பாலையும் ரொட்டியையும் வாங்கக் கூடாது, எந்த வங்கியில் பணம் போட வேண்டும் என்று பட்டியல் போட்டதை அவ்வளவாக யாரும் நினைவுகூர்வதில்லை.

மறுநாள் மாலை 6 மணி 1 நிமிடத்துக்கு, லொரெய்ன் விடுதியின் 306ஆம் எண் அறைக்கு வெளியே, மேல்மாடிக் கைப்பிடிச் சுவரருகே நின்றவர் மீது குண்டு பாய்ந்தது. வயது 39. ஜேம்ஸ் எர்ல் ரே என்ற தப்பியோடிய கைதி லண்டனில் பிடிபட்டு, 1969 மார்ச்சில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 99 ஆண்டுத் தண்டனை பெற்றான்.

அடுத்த சில நாட்களில் நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்கள் எரிந்தன. வாஷிங்டனிலும் பால்டிமோரிலும் சிகாகோவிலும் ராணுவம் இறங்கியது. சுமார் 40 பேர் இறந்தார்கள். வீட்டு வாடகையிலும் விற்பனையிலும் நிறவேற்றுமையைத் தடைசெய்யும் சட்டத்தில் அதிபர் ஜான்சன் ஏப்ரல் 11 அன்று கையெழுத்திட்டார். இவை வரலாற்றுப் புத்தகங்களில் விரிவாகக் கிடைக்கும். மெம்ஃபிஸில் குப்பை இன்னும் அள்ளப்படவில்லை.

ஏப்ரல் 8 அன்று கொரெட்டா ஸ்காட் கிங் பிள்ளைகளோடு வந்து, கணவர் நடத்த நினைத்த ஊர்வலத்தை நடத்தினார். பல்லாயிரம் பேர் போனார்கள். ஒரு கண்ணாடியும் உடையவில்லை. கணவரின் அடக்கம் அதற்கு மறுநாள்தான். ஜான்சன் தொழிலாளர் துறைத் துணைச் செயலர் ஜேம்ஸ் ரெனால்ட்ஸை அனுப்பினார். உடன்பாடு வராமல் திரும்பாதே என்பதுதான் கட்டளை. அவர் வந்து பார்த்தால், நாடே தீப்பிடித்த பிறகும் மேசையில் கிடந்தது அதே பழைய சிக்கல்: சந்தாப் பிடித்தம்.

தீர்வு வந்த விதம் கிட்டத்தட்ட நகைச்சுவை. ஊழியர்களுக்கு ஒரு சிக்கனக் கடன் சங்கம் இருந்தது. சேமிப்புக்காகச் சம்பளத்தில் பணம் பிடித்து அதற்கு அனுப்பும் வழக்கம் ஏற்கெனவே உண்டு. ஆக, நகராட்சி பணத்தைக் கடன் சங்கத்துக்கு அனுப்பும், கடன் சங்கம் சந்தாவைத் தொழிற்சங்கத்துக்கு அனுப்பும். நகராட்சி சந்தா பிடிக்கவில்லை என்று மேயர் சொல்லிக்கொள்ளலாம். சந்தா வந்து சேரும் என்று சங்கம் சொல்லிக்கொள்ளலாம். ஒரு பணத்தை இரண்டு உறையில் போட்டு அனுப்பும் இந்த யோசனைக்கு யாரும் சாக வேண்டியிருக்கவில்லை.

கூலி மே 1 முதல் மணிக்கு 10 சென்ட், செப்டம்பர் 1 முதல் இன்னும் 5 சென்ட் உயரும். நடப்பு நிதியாண்டில் அதற்குப் பணமில்லை என்றது நகராட்சி. மருந்துத் தொழிலதிபர் ஏப் ப்ளோ, பெயரைச் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு 60,000 டாலர் கொடுத்தார். நகரம் முடக்கப்பட்டதில் கடைத்தெரு இழந்த வியாபாரத்தோடு ஒப்பிட்டால் அது சில்லறை. ஏப்ரல் 16 அன்று க்ளேபார்ன் ஆலயத்தில் தொழிலாளர்கள் எழுந்து நின்று ஒப்பந்தத்தை ஏற்றார்கள். 'ஹாம்போன்' கேலிச்சித்திரமும் அந்த மாதத்தோடு நின்றுபோனது.

மெம்ஃபிஸுக்குப் பின் தெற்கு நகரங்களில் துப்புரவுத் தொழிலாளர்கள் வரிசையாகச் சங்கம் கட்டினார்கள். 1970களின் இறுதியில் 'ஆஃப்ஸ்மி' பத்து லட்சம் உறுப்பினர்களை எட்டியது. அது நேர்க்கோட்டு வெற்றிக் கதையாகப் போகவில்லை. கிங்கின் சொந்த ஊரான அட்லான்டாவில் 1970இல் குப்பைத் தொழிலாளர்கள் போராடியபோது துணை மேயர் மேனார்ட் ஜாக்சன் அவர்கள் பக்கம் நின்றார். பிறகு அந்நகரின் முதல் கறுப்பின மேயரானார். 1977இல் அதே தொழிலாளர்கள் மீண்டும் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜாக்சன் 900க்கும் மேற்பட்டவர்களை வேலையைவிட்டு நீக்கினார். கிங்கின் தந்தை, முதிய பாதிரியார் கிங், மேயருக்கு வெளிப்படையாக ஆதரவு தந்தார். நாற்காலியில் இருப்பவரின் நிறம் மாறினாலும் கணக்குப் புத்தகத்தின் மறுபக்கத்தில் இருப்பவர்களுக்குச் சில சமயம் அதே பதில்தான் கிடைத்தது. கறுப்பின அரசியலுக்குள்ளேயே வர்க்கம் என்ற கோடு எவ்வளவு ஆழமாக ஓடுகிறது என்பதை மெம்ஃபிஸைக் கொண்டாடும் மேடைகள் அட்லான்டாவைப் பேசாமல் தாண்டிப் போவதிலேயே பார்க்கலாம்.

சந்தாத் தகராறும் ஓயவில்லை. இல்லினாய் மாநில அரசு ஊழியர் ஒருவர், நான் சங்கத்தில் சேரவில்லை, பேச்சுவார்த்தைச் செலவு என்று என் சம்பளத்தில் ஏன் பணம் பிடிக்கிறீர்கள் என்று வழக்குப் போட்டார். எதிர்த்தரப்பு, மெம்ஃபிஸ் கிளையின் தாய் அமைப்பான அதே 'ஆஃப்ஸ்மி'. 2018 ஜூன் 27 அன்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ஊழியர் பக்கம் தீர்ப்பளித்தது. எழுதிக் கொடுக்காத எந்த அரசு ஊழியரிடமும் இனி நாடு முழுவதும் ஒரு சென்ட்கூடப் பிடிக்க முடியாது. தனிமனிதச் சுதந்திரம் என்றது பெரும்பான்மை. மெம்ஃபிஸ் போராட்டத்தின் ஐம்பதாம் ஆண்டு நினைவு விழா நடந்து மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

போராடியவர்கள்? 1968க்குப் பிறகு நகர ஓய்வூதியமா, மத்திய அரசின் சமூகப் பாதுகாப்புத் திட்டமா என்று கேட்டபோது பெரும்பாலோர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்போது அது புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. முதுமையில் அந்தத் தொகை போதவில்லை. 2017இல்தான் மெம்ஃபிஸ் நகராட்சி, அன்று வேலைநிறுத்தம் செய்து இன்னும் உயிரோடு இருந்த பதினான்கு பேருக்கு ஆளுக்கு 50,000 டாலர் என்று அறிவித்து, பிறகு 70,000 ஆக உயர்த்தியது. அந்தப் பதினான்கு பேரில் சிலர் அப்போதும் வேலையில் இருந்தார்கள். 1950களில் தலையில் தொட்டி சுமக்கச் சேர்ந்த ஒருவர், 80 வயதைக் கடந்த பிறகும் மெம்ஃபிஸ் தெருக்களில் குப்பை வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார்.